இரவின் விலை: பிரிட்டனின் வீடுகளுக்குள் நேரவிசை நுழைந்த வரலாறு

நெல்லைக் குதிரில் கொட்டி வைக்கலாம், எண்ணெயைப் பீப்பாயில் அடைத்து வைக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெருமளவில் தேக்கி வைக்கும் மலிவான வழி அதன் வரலாற்றின் பெரும்பகுதியில் இருந்ததில்லை என்பதால், அது பிறந்த கணத்திலேயே எங்கோ ஒரு விளக்கிலோ மோட்டாரிலோ செலவாகியே தீரவேண்டியிருந்தது. ஆண்டில் சில குளிர்கால மாலைகளில் மட்டும், அதுவும் ஓரிரு மணி நேரத்துக்கு மட்டும் எழுகிற தேவைக்காகக்கூட ஒரு மின்நிலையத்தைக் கட்டி, கம்பி இழுத்து, ஆள் வைத்துக் காத்திருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அந்த முதலீடு சும்மா நிற்கும். தேவை மிக உயர்ந்து நிற்கும் அந்த அளவுக்கு உச்சத் தேவை என்று பெயர். அந்த உச்சத்தைத் தணிக்க மனிதர்கள் கண்ட வழிகளுள் மிக எளியதும் மிகப் பழையதும் நேரவிசை, அதாவது குறித்த மணியில் மின்சுற்றைத் தானாகவே இணைத்தும் துண்டித்தும் வைக்கும் கடிகாரம் பூட்டிய விசை. மின்பணியாளர் இதை டைம் சுவிட்ச் என்பர். கடைகளில் டைமர் என்று கேட்டால் கிடைக்கும்.

இந்தக் கருவி செய்யும் வேலைகள் இரண்டு என்பதையும், இரண்டையும் ஒரே பெயரால் மின்சேமிப்பு என்று அழைப்பதால் விளைந்த குழப்பம் சிறிதன்று என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துச் சொல்வது நல்லது. பாரிஸ் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மாடிப்படிகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கெரிந்து, ஆள் ஏறி முடிக்கும் அளவுக்குச் சில நிமிடங்கள் கழித்துத் தானே அணையும் ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. அங்கே நேரவிசை, ஆளில்லாத படிக்கட்டில் வீணாக எரியும் மின்சாரத்தை இல்லாமற் செய்கிறது, ஆகவே செலவாகும் யூனிட்டுகளே குறைகின்றன. ஒரு வீட்டின் வெந்நீர்க் கொப்பரையை மாலையில் தடுத்து நள்ளிரவில் ஓடவிடும் நேரவிசையோ யூனிட்டைக் குறைப்பதில்லை. நள்ளிரவில் காய்ச்சிய நீர் காலைக்குள் சற்றே ஆறிவிடுவதால் யூனிட் கூடவும் கூடும். அது மாற்றுவது நேரத்தை மட்டுமே. பிரிட்டனின் நேரவிசை வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையின் வரலாறு. நாட்டின் மின்கட்டமைப்புக்கு வசதியான நேரம் எது என்பதை வீட்டுக்குச் சொல்லும் உரிமை யாருடையது என்ற கேள்வி அதனுள் தொடக்கம் முதலே ஓடிக்கொண்டிருக்கிறது.

1882ல் லண்டனின் ஹோல்பர்ன் வயடக்டில் பொதுமக்களுக்கு மின்சாரம் வழங்கிய நிலையம் இயங்கத் தொடங்கியபோது மின்சாரம் என்றால் விளக்கு என்றே பொருள். விளக்கோ இருட்டியபின் சில மணி நேரம் மட்டும் எரிவது. ஆகவே அக்கால நிலையங்களின் ஒருநாள் தேவையை வளைகோடாக வரைந்தால், பகலெல்லாம் தரையோடு படுத்துக் கிடந்து, மாலையில் கோபுரம்போல் எழுந்து, இரவு வளர வளரச் சரிந்துவிடும் உருவமே கிடைக்கும். ஒரு நிலையம் தன் முழுத் திறனில் ஆண்டு முழுவதும் ஓடியிருந்தால் எவ்வளவு யூனிட் தந்திருக்குமோ, அதில் எத்தனை பங்கை உண்மையில் விற்றது என்பதைக் காட்டும் அளவுக்குச் சுமைக் காரணி என்று பெயர். மின்நிலையத்தின் இலாபத்தை அளக்க இதுவே முதன்மையான கோல் என்பதை 1890களின் தொடக்கத்தில் பொறியாளரிடையே நிலைநாட்டியவர்களுள் ஆர். இ. பி. கிராம்ப்டன் முன்னிற்பவர். இளமையில் இந்தியாவில் படையதிகாரியாக இருந்து, இங்குள்ள சாலைகளில் நீராவி வண்டிகளை ஓட்டிப் பார்த்தவர் அவர். தமிழ்நாட்டு வீடுகளில் சுழலும் மின்விசிறிகளில் இன்றும் ஒட்டியிருக்கும் பெயர் அவர் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்ததே.

சுமைக் காரணி நோயைக் காட்டியது. மருந்தைக் கணக்கில் தேடியவர் ஜான் ஹாப்கின்சன். மான்செஸ்டரில் பிறந்த இந்தக் கணிதவல்லுநர் 1892ல் இளம் பொறியாளர் சங்கம் ஒன்றில் ஆற்றிய தலைமையுரையில், மின்சாரம் வழங்கும் செலவின் பெரும்பகுதி மின்சாரத்தை உண்டாக்குவதில் இல்லை, எந்த நேரத்திலும் உண்டாக்கத் தயாராக நிற்பதில்தான் இருக்கிறது என்று விளக்கினார். ஒருவர் ஆண்டில் ஒரே இரவு மட்டும் நூறு விளக்கு எரித்தாலும், அந்த நூறு விளக்குக்கான எந்திரமும் கம்பியும் ஆண்டெல்லாம் அவருக்காகக் காத்திருக்கின்றன. எரித்த யூனிட்டுக்கு மட்டும் விலை வாங்கினால் அந்தக் காத்திருப்பின் செலவை வேறொருவர் தலையில் சுமத்துவதாகும். ஆகவே, தயார்நிலைக்கென ஒரு நிலையான தொகையும் எரித்த யூனிட்டுக்கென ஒரு சிறு தொகையுமாகக் கட்டணம் இரண்டு கூறாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. இன்று மின்கட்டண அட்டையில் நிலைக்கட்டணம் என்று காணும் வரி அந்த உரையின் வழித்தோன்றல் எனலாம்.

கணக்கு சரி, அதை வீட்டில் அளப்பது எப்படி? இங்கே இரண்டு வழிகள் எதிரெதிராக நின்றன. கடற்கரை நகரமான பிரைட்டனின் மின்பொறியாளர் ஆர்தர் ரைட் அமைத்த கருவி, ஓடும் மின்னோட்டத்தின் வெப்பத்தால் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் காற்று விரிந்து, அது தள்ளும் திரவம் ஒரு குழாய்க்குள் வழிந்து, அங்கேயே தங்கிவிடுமாறு செய்தது. மாத இறுதியில் அந்தக் குழாயில் நிற்கும் திரவத்தின் உயரத்தைப் பார்த்தால் அந்த வாடிக்கையாளர் ஒரே சமயத்தில் அதிகபட்சம் எவ்வளவு மின்சாரம் இழுத்தார் என்பது தெரிந்துவிடும். மற்றொரு வழி, மீட்டருக்குள் கடிகாரம் ஒன்றை வைத்து, மாலையில் எரியும் யூனிட்டை ஒரு முகப்பிலும் மற்ற நேரத்து யூனிட்டை வேறொரு முகப்பிலும் எண்ண வைப்பது. எடிசனின் செயலாளராக இருந்து சிகாகோ நகர மின்நிறுவனத்தின் தலைமைக்கு வந்த சாமுவேல் இன்சல், தாயகமான இங்கிலாந்துக்கு வந்திருந்த சமயத்தில் பிரைட்டனில் ரைட்டின் ஏற்பாட்டைக் கண்டு அதை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். கடிகார மீட்டர் அந்தப் போட்டியில் பின்தங்கிப் போயிற்று.

அந்தத் தோல்வியின் விளைவு நெடுநாள் நீடித்தது என்பதால் அதன் பொருளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரைட்டின் கருவி கேட்ட கேள்வி, இந்த வாடிக்கையாளரின் உச்சம் எவ்வளவு என்பது; மின்நிலையத்துக்குத் தேவைப்பட்ட பதிலோ, நிலையத்தின் உச்சம் நிகழும் மணியில் இந்த வாடிக்கையாளர் எவ்வளவு எடுக்கிறார் என்பது. அதிகாலை மூன்று மணிக்கு அடுப்பெரிக்கும் ரொட்டிக்கடையின் உச்சமும், மாலை ஆறு மணிக்கு விளக்கெரிக்கும் துணிக்கடையின் உச்சமும் திரவக் குழாயில் ஒரே உயரம் காட்டும். முன்னது நிலையத்துக்கு வரம், பின்னது சுமை. கடிகாரம் மட்டுமே இரண்டையும் வேறுபடுத்தியிருக்க முடியும். ஆனாலும் அன்றைய கடிகாரங்கள் விலை உயர்ந்தவை, சாவி கொடுத்தே தீரவேண்டியவை, நாள்பட நேரம் பிசகுபவை. விற்பனையைப் பெருக்கத் துடித்த நிறுவனங்களுக்கோ வாடிக்கையாளரிடம் மணிக்கணக்கைப் பற்றி வாதாடுவதில் விருப்பமில்லை. நேரத்துக்கு விலை வைக்கும் எண்ணம் இப்படித்தான் அரை நூற்றாண்டுக்கு மேல் ஒத்திப்போயிற்று.

கடிகாரம் அதற்கிடையில் வேறு வாயிலாக மின்துறைக்குள் வந்தது. தெருவிளக்குகளை ஏற்றவும் அணைக்கவும் ஏணியோடு அலைந்த விளக்கேற்றிகளின் வேலையைக் குறைக்க, கம்பத்திலேயே கடிகாரம் பூட்டி எரிவாயுவைத் திறந்து மூடும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவின. இங்கிலாந்தின் பாத் நகரில் குடியேறிய ஜெர்மானியக் கடிகாரக் கலைஞர் குஸ்டாவ் ஹார்ஸ்ட்மனின் குடும்பத்தார் நடத்திய தொழிற்சாலை இவ்வகைக் கருவிகளால் பெயர்பெற்றது. எரிவாயு விளக்குக்காகப் பழகிய கை பின்னர் மின்விளக்குக்கும், அதன் பின் வீட்டு மீட்டர்ப் பெட்டிக்கும் நேரவிசை செய்தது. தெருவிளக்குக்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு: பிரிட்டன் இருக்கும் வட அட்சரேகையில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், ஜூனில் ஒன்பது மணியைத் தாண்டும். ஆகவே ஆண்டுக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஒரு வட்டைச் சேர்த்து, சூரியன் மறையும் நேரத்துக்கு ஏற்ப விளக்கேறும் மணியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நகர்த்திச் செல்லும் முகப்புகளை அமைத்தனர். பஞ்சாங்கத்தையே பித்தளைப் பற்சக்கரமாக வார்த்தது போன்ற இந்த வேலைப்பாடு, நேரவிசையின் வரலாற்றில் மிகவும் அழகிய பகுதி என்று துணிந்து சொல்லலாம்.

சாவி கொடுக்கும் தொல்லையை ஒழித்தது மின்சாரமே. மாறுமின்னோட்டம் முன்னும் பின்னுமாகப் பாயும் முழுச் சுற்றை நொடிக்கு இத்தனை முறை முடிக்கிறது என்பது அதன் அலைவெண். அந்தத் துடிப்போடு ஒத்துச் சுழலும் சிறு மோட்டாரை அமெரிக்கரான ஹென்றி வாரன் கடிகாரத்துக்குள் வைத்தார். ஆனால் அந்தக் கடிகாரம் சரியாக ஓட மின்நிலையத்தின் அலைவெண் சரியாக இருக்க வேண்டும் என்பதால், 1916ல் பாஸ்டன் நகர மின்நிலையம் ஒன்றில் ஊசல் கடிகாரத்தையும் மின்கடிகாரத்தையும் ஒரே முகப்பில் காட்டும் தலைமைக் கடிகாரத்தைப் பொருத்தி, இரண்டு முட்களும் ஒன்றாகவே நகருமாறு எந்திரங்களை ஓட்டச் செய்தார். அன்றிலிருந்து மின்நிலையம் வெளிச்சத்தோடு நேரத்தையும் கம்பி வழியே அனுப்பத் தொடங்கியது. பிரிட்டனில் இது உடனே கைகூடவில்லை. ஊருக்கு ஊர் நேர்மின்னோட்டமும் மாறுமின்னோட்டமும் வெவ்வேறு அலைவெண்களுமாகச் சிதறிக் கிடந்த நாடு அது. வடகிழக்கில் நியூகாசில் வட்டாரம் 40 ஹெர்ட்ஸில் ஓடியது. 1926ல் மத்திய மின்சார வாரியம் அமைந்து, 50 ஹெர்ட்ஸ் என்ற ஒரே துடிப்பில் தேசிய மின்கட்டமைப்பை 1930களில் பின்னி முடித்த பிறகே, எந்த ஊரில் மாட்டினாலும் ஒரே நேரம் காட்டும் மலிவான மின்கடிகாரமும் அதன்வழி மலிவான நேரவிசையும் சாத்தியமாயின. லண்டன் வீட்டின் கடிகாரமும் கிளாஸ்கோ வீட்டின் கடிகாரமும் ஒரே நாடியில் துடிக்கத் தொடங்கிய இந்தச் செய்தி பின்னால் மீண்டும் தேவைப்படும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது நிலக்கரியும் இல்லை, புதிய மின்நிலையங்களும் இல்லை; மின்அடுப்பும் மின்கணப்பும் மட்டும் வீடுதோறும் பெருகியிருந்தன. 1947 பிப்ரவரியின் கொடும் பனியில் நிலக்கரி வண்டிகள் உறைந்து நின்றதால், வீடுகளுக்குக் காலை 9 முதல் 12 வரையிலும் பிற்பகல் 2 முதல் 4 வரையிலும் மின்சாரம் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டார் நன்கறிந்த, மணி குறித்த மின்வெட்டு போன்றதே அது. உச்சத்தை எப்படித் தணிப்பது என்று ஆராய அமைந்த குழுவுக்கு, அசாம் மாகாண ஆளுநராக இருந்து திரும்பிய சர் ஆண்ட்ரூ குளோ தலைமையேற்றார். வீட்டுக்கு வீடு கடிகாரம் வைத்த மீட்டரைப் பொருத்துவதற்கு அப்போது பணமும் இல்லை, தொழிற்சாலைகளுக்கு நேரமும் இல்லை என்ற நிலையில், நாளின் மணிக்குப் பதிலாக ஆண்டின் பருவத்துக்கு விலை வைக்கும் வழியே எஞ்சியது: குளிர்காலத்தில் யூனிட் விலையைச் சற்று உயர்த்தி, கோடையில் குறைப்பது. 1948ன் குளிர்காலத்தில் நடைமுறைக்கு வந்த அந்த வேறுபாட்டுக் கட்டணம், நடுங்கும் மாதத்தில் விலையேற்றமா என்ற மக்களின் மனக்கசப்பைத் தாங்க முடியாமல் ஒரே ஆண்டில் கைவிடப்பட்டது. அந்தக் கசப்பு நியாயமானதே. குளிர்காலம் முழுவதையும் விலையேற்றியது, இரவு இரண்டு மணிக்கு வெந்நீர் காய்ச்சியவரையும் மாலை ஐந்து மணிக்குக் கணப்பு மூட்டியவரையும் ஒன்றாகத் தண்டித்தது.

வீட்டின் கடிகாரத்தை மாற்ற முடியாத அரசுகள் நாட்டின் கடிகாரத்தையே மாற்றிப் பார்த்ததுண்டு. முதல் உலகப் போரின் நடுவே, 1916ல், முதலில் ஜெர்மனியும் சில வாரங்களில் பிரிட்டனும் கோடையில் ஒரு மணி நேரம் முன்தள்ளிய முதன்மையான காரணம் விளக்குக்குச் செலவாகும் எரிபொருளைக் காப்பதே. 1947ன் நெருக்கடியில் பிரிட்டன் கோடையின் ஒரு பகுதிக்கு இரண்டு மணி நேரமே முன்தள்ளியது. தமிழர் நேரில் பட்டறிந்த சான்று இலங்கையில் உண்டு. மழை பொய்த்து நீர்மின் தேக்கங்கள் வற்றிய 1996ன் மே மாதத்தில் அந்நாடு தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னகர்த்தி, அக்டோபரில் அரை மணி நேரம் பின்னிழுத்து, 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்காததால், ஒரே தீவுக்குள் பழைய நேரம், புதிய நேரம் என இரண்டு நேரங்கள் பல ஆண்டுகள் வழங்கின. மின்உச்சத்தைத் தணிக்க எடுத்த ஒரு முடிவு, ஒருவர் எந்த ஆட்சியின் எல்லைக்குள் நிற்கிறார் என்பதைக் காட்டும் அடையாளமாக மாறிய இடம் உலகில் வேறு அதிகம் இராது.

பிரிட்டனுக்குத் திரும்பினால், நேரவிசையை இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது 1960களின் தொடக்கத்தில் பரவிய இரவு வெப்பச் சேமிப்பி என்ற கனத்த இரும்புப் பெட்டிதான். அதன் அமைப்பு எளிது. வெப்பத்தை நன்கு தாங்கும் அடர்ந்த செங்கற்களுக்கிடையே மின்கம்பிச் சுருளை ஓட்டி, சுற்றிலும் வெப்பங்கடத்தாத உறை போர்த்தி, அதைத் தனியான ஒரு மின்சுற்றில் இணைப்பார்கள். அந்தச் சுற்றின் வாயிலில் மின்வாரியத்தின் முத்திரையிட்ட நேரவிசை காவல் நிற்கும். இரவில் விசை திறந்ததும் செங்கற்கள் பல நூறு பாகை வரை சூடேறும். காலையில் விசை மூடிய பின் பகலெல்லாம் அந்தச் சூடு மெல்லக் கசிந்து அறையை வெதுவெதுப்பாக்கும். மின்சாரமாகத் தேக்க முடியாததைச் சூடாகத் தேக்கிய உபாயம் இது. மின்வாரியங்களுக்கு இரவுத் தேவை மீது அக்கறை வந்ததற்கும் காரணம் உண்டு: பெரிய நிலக்கரி நிலையங்களையும், புதிதாக எழுந்த அணுமின் நிலையங்களையும் அணைத்து மூட்டுவது கடினம், இரவும் பகலும் ஒரே சீராக ஓட்டுவதே சிக்கனம். நள்ளிரவுக்குப் பின் ஊரடங்கிய வேளையில் அவற்றின் மின்சாரத்தை வாங்க ஆள் தேவைப்பட்டது; ஆகவே இரவு யூனிட்டை மிக மலிவாக விற்றனர்.

விற்பனை எதிர்பார்த்ததற்கு மேல் வெற்றி பெற்றதில்தான் சிக்கல் முளைத்தது. தொடக்ககாலக் கட்டணங்களில் இரவு மணிகளோடு பிற்பகலில் சில மணி நேரமும் மலிவாகத் தரப்பட்டது, மாலைக்குள் செங்கல் ஆறிவிடாதிருக்க. சேமிப்பிகள் பெருகப் பெருக அந்தப் பிற்பகல் மணிகளே சுமையாகிவிட்டதால் புதிய வாடிக்கையாளருக்கு அவை மறுக்கப்பட்டன. 1969ல் இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறைந்த விலை தரும் வெள்ளை மீட்டர் என்ற ஏற்பாடும், 1978ல் அதையும் ஏழு மணி நேரமாகச் சுருக்கி விலையை மேலும் குறைத்த எகானமி 7 என்ற ஏற்பாடும் வந்தன. பெயரிலேயே மணிக்கணக்கைத் தாங்கிய அந்தக் கட்டணம் இன்றளவும் வழக்கில் இருக்கிறது. வீட்டின் எல்லா மின்சாரத்தையும் அது இரண்டு முகப்புகளில் எண்ணியது. 1890களில் தோற்றுப்போன கடிகார மீட்டர் எண்பது ஆண்டுக்குப் பின் வென்றது என்று இதைக் கொள்ளலாம்.

அந்த வெற்றியின் விலையை யார் கொடுத்தார்கள் என்பதை மின்துறை வரலாறுகள் போதிய அளவு பேசுவதில்லை. வடகடலில் 1965ல் கண்ட இயற்கை எரிவாயு 1970களில் நாடெங்கும் குழாய்வழி சேர்ந்தபோது, வசதியுள்ள வீடுகள் எரிவாயுக் கணப்புக்கு மாறிக்கொண்டன. குழாய் எட்டாத சிற்றூர்களிலும், எரிவாயுவை அனுமதிக்காத உயர்ந்த அடுக்குமாடிகளிலும், உள்ளாட்சி மன்றங்கள் கட்டிக் கொடுத்த எளியோர் குடியிருப்புகளிலும் சேமிப்பி நிலைத்தது. நள்ளிரவில் ஏற்றிய சூடு காலையில் மிகுந்தும், மனிதர் வீடு திரும்பும் மாலையில் ஆறியும் போவது அதன் இயல்பு. நாளைய குளிர் எப்படியிருக்கும் என்பதை இன்றிரவே ஊகித்துத் திருகியை வைக்க வேண்டும். ஊகம் பிசகினால் ஒன்று வெயில் நாளில் புழுங்க வேண்டும், அல்லது பனி மாலையில் விலையுயர்ந்த பகல் மின்சாரத்தில் தனிக் கணப்பு ஒன்றைப் போட வேண்டும். நாட்டின் உச்சத் தேவை தணிந்தது உண்மை. அதற்காகத் தங்கள் அறையின் வெதுவெதுப்பை மின்கட்டமைப்பின் வசதிக்கு ஒப்புக்கொடுத்தவர்களுள் முதியோரும் வறியோரும் பெரும்பங்கினர் என்பதும் அதே அளவு உண்மை. மின்கட்டணத்தில் அவர்கள் பெற்ற தள்ளுபடி அந்தக் குளிருக்கு ஈடாகுமா என்று கேட்பது பொருளியல் கேள்வி மட்டுமன்று.

கருவியிலும் குறைகள் இருந்தன. மின்துடிப்பில் ஓடும் கடிகாரம் மின்சாரம் நின்றால் தானும் நிற்கும். ஒவ்வொரு மின்தடையும் வீட்டின் நேரவிசையை அவ்வளவு நேரம் பின்தள்ளிவிட, ஆண்டுகள் செல்லச் செல்ல ஒரே தெருவின் வீடுகளில் இரவு வெவ்வேறு மணிகளில் தொடங்கியது. கோடைநேரம் வந்தாலும் விசைகள் கிரீன்விச் நேரத்திலேயே ஓடியதால், கடிகாரத்தைப் பார்த்துத் துணி துவைத்தவர்கள் ஒரு மணி நேரம் ஏமாந்தனர். ஆனால் மின்கட்டமைப்பை ஆள்வோரை அதிகம் கலங்கடித்தது நேரம் பிசகிய விசைகள் அல்ல, பிசகாதவை. ஒரே துடிப்பில் ஓடும் இலட்சக்கணக்கான கடிகாரங்கள் ஒரே நொடியில் விசையைத் திறந்தால், தூங்கவேண்டிய நள்ளிரவில் தேவை செங்குத்தாக எழுந்து நிற்கும். மனிதர் கூடி உண்டாக்கும் எழுச்சியும் பிரிட்டனுக்குப் பழக்கமானதே: 1990 ஜூலை 4 அன்று மேற்கு ஜெர்மனியுடனான உலகக் கோப்பை அரையிறுதி ஆட்டம் முடிந்ததும் வீடுகளில் தேநீர்க் கெண்டிகள் ஒருங்கே ஏறி, 2,800 மெகாவாட் அளவுக்குத் தேவை குதித்தது. ஆட்டம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு. நேரவிசையோ இரவுதோறும் சொடுக்கும். ஆகவே வட்டாரத்துக்கு வட்டாரம், தெருவுக்குத் தெரு விசைகளின் மணியைச் சற்று முன்பின்னாக வைப்பது மின்வாரியங்களின் வழக்கமாயிற்று.

1980களில் அந்த முன்பின்னைத் தொலைவிலிருந்தே ஆளும் வழி பிறந்தது. பிபிசி ரேடியோ 4 நிகழ்ச்சிகளைச் சுமந்துசெல்லும் நெடுஅலையின் கட்டத்தைக் காதுக்குப் புலப்படாத அளவில் நுட்பமாக அசைத்து, நொடிக்கு 25 பிட் என்ற மந்த வேகத்தில் கட்டளைகளை அனுப்பினர். மீட்டர்ப் பெட்டிக்குள் இருந்த சிறிய வானொலி ஏற்பி தன் குழுவுக்குரிய கட்டளையைக் கேட்டதும் விசையைத் திறந்தது அல்லது மூடியது. டிராய்ட்விச், வெஸ்டர்கிளென், பர்க்ஹெட் ஆகிய மூன்று நிலையங்களிலிருந்து பரவிய அந்த அலையில், செய்தியும் நாடகமும் கடல் வானிலையும் ஒலித்துக்கொண்டிருக்க, அவற்றுக்கடியில் நாட்டின் கணப்புகளுக்கு யாரும் கேளாத இன்னொரு அறிவிப்பு ஓடிக்கொண்டிருந்தது. பிரான்சு இதே நோக்கத்துக்கு வானொலியை நாடாமல் மின்கம்பியையே பயன்படுத்தியது: 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின்மேல் 175 ஹெர்ட்ஸ் துடிப்பொன்றை ஏற்றி அனுப்பி, இலட்சக்கணக்கான வெந்நீர்க் கொப்பரைகளை இரவில் எழுப்பியது. அங்கே தேசிய மின்நிறுவனத்தின் பொருளியலாளர் மார்செல் புவாத்தே, உச்ச நேரத்து யூனிட்டின் உண்மையான செலவை உச்ச நேரத்தாரிடமே வாங்க வேண்டும் என்ற கொள்கையை 1949லேயே கணிதமாக எழுதி, 1950களில் பெருநுகர்வோருக்கான பச்சைக் கட்டணமாக நடைமுறைப்படுத்தியிருந்தார். ஹாப்கின்சன் தயார்நிலைக்கு விலை வைத்தார். புவாத்தே அந்த விலை எந்த மணியைச் சேர்ந்தது என்று காட்டினார்.

இவ்வளவு உழைப்பும் இரவு மலிவு, பகல் அரிது என்ற ஒரே நம்பிக்கையின் மேல் எழுந்தது. சூரிய மின்தகடுகள் அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கிவிட்டன. வெயில் மிகுந்த நாடுகளில் இன்று நண்பகல்தான் மின்சாரம் மிஞ்சும் வேளை. கதிர் சாய்ந்தபின் எழும் மாலையே நெருக்கடி. பிரான்சு தன் இரவு மலிவு மணிகளில் ஒரு பகுதியைப் பிற்பகலுக்கு மாற்றும் பணியை 2025 நவம்பரில் தொடங்கியது. இந்திய அரசு 2023ல் திருத்திய விதிகள், சூரிய ஒளி நேரங்களில் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 விழுக்காடு தாழ்ந்தும், உச்ச நேரத்தில் தொழில், வணிக நுகர்வோருக்கு 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் உயர்ந்தும் இருக்கவேண்டும் என வகுத்தன. தமிழ்நாட்டின் நூற்பாலைகளும் வார்ப்படச் சாலைகளும் பீக் ஹவர் என்ற சொல்லைப் பல ஆண்டுகளாக அறிந்தவை. காலையிலும் மாலையிலும் சில மணி நேரத்துக்கு உயர்அழுத்த இணைப்பாளர் கூடுதல் கட்டணம் செலுத்த, இரவு நேரத்துக்குச் சிறு தள்ளுபடி பெற்றனர். இரவுப் பணிமுறையை அந்தத் தள்ளுபடியோடு பொருத்திப் பழகிய ஆலைக்கு, நண்பகலே இனி மலிவு என்பது எந்திரத்தோடு தொழிலாளரின் உறக்கத்தையும் மாற்றியமைக்கும் செய்தி.

பிரிட்டனில் வானொலி விசைகளை ஓய்வு பெறச் செய்யும் காலம் வந்துவிட்டது. நெடுஅலை ஒலிபரப்புக் கருவிகள் முதுமையடைந்து, மாற்று உதிரிகள் அரிதானதால், 2025 ஜூன் 30 என்று நாள் குறித்து, பின்னர் வட்டாரம் வட்டாரமாக அந்தச் சேவையை நிறுத்தத் தொடங்கினர். அதன் இடத்தைத் தொலைத்தொடர்புள்ள நுண்ணறி மீட்டர்கள் எடுத்துக்கொள்கின்றன. வீட்டின் பெருஞ்சுமையாக இப்போது வளர்வது மின்காரின் மின்னேற்றி. அதற்கென 2021ல் இயற்றி 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, வீடுகளுக்கென விற்கப்படும் மின்னேற்றிகள், வார நாட்களில் காலை 8 முதல் 11 வரையிலும் மாலை 4 முதல் இரவு 10 வரையிலும் தாமாக ஓடாதபடி தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டிருக்க வேண்டும்; உரிமையாளர் விரும்பினால் அதை மாற்றிக்கொள்ளலாம். அதே விதிகளில் மற்றொரு கூறும் உண்டு. குறித்த மணி வந்ததும் மின்னேற்றி உடனே தொடங்கக்கூடாது. தன் விருப்பம்போல் ஓர் எண்ணைக் குலுக்கியெடுத்து, 600 நொடிகள் வரை காத்திருந்து, அண்டை வீட்டு மின்னேற்றியோடு ஒத்துப்போகாத ஒரு கணத்தில் தொடங்க வேண்டும். பாஸ்டனில் இரண்டு முட்களை ஒன்றாக ஓடவைத்து நூறாண்டு கடந்த பின், கடிகாரங்கள் ஒன்றுக்கொன்று பத்து நிமிடம் வரை பிசகியிருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் எழுதப்பட்டிருக்கிறது.